பி.டி. என்னும் இரண்டெழுத்து

ஆலத்தியூரைச் சூழ்ந்த அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பருத்தி பயிரிடும் உழவர்களின் நாவில் 'பி.டி.' என்ற இரண்டெழுத்து இயல்பாகப் புழங்குகிறது. அது ஒரு நுண்ணுயிரின் பெயர்ச் சுருக்கம். 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்பது முழுப் பெயர். அதன் வரலாற்றைச் சிறிது கூற விரும்புகிறேன்.

இன்று நண்பனாக நாம் போற்றும் இந்த நுண்ணுயிர், முதலில் பகைவனாகவே அறிமுகமாயிற்று. 1901-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இஷிவாட்டா, பட்டுப்புழுக்களைத் திடீரெனச் சாய்த்த நோய்க்கு இதுவே காரணம் என்று கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியாப் பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் எர்ன்ஸ்ட் பெர்லினர் இதனைக் கண்டார். 1915-இல் அப்பகுதியின் பெயரையே இதற்குச் சூட்டினார். பட்டு வளர்ப்போனைக் கலங்கவைத்தது பயிர் வளர்ப்போனைக் காக்கலாகாதா என்ற எண்ணம் பிறந்தது. 1938-இல் பிரான்சில் இது பூச்சி மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இது கொல்லும் விதம் வியப்புக்குரியது. இந்த நுண்ணுயிர் தன்னுள்ளே ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. அப்படிகமே நஞ்சு என்பதைக் கனடாவின் ஆங்கஸ் 1954-இல் மெய்ப்பித்தார். இலையோடு அதனைத் தின்ற புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. புழு உண்பதை நிறுத்தி, சில நாட்களில் மடிகிறது. நம் வயிறோ அமிலம் நிறைந்தது. அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. ஆகவே காய்கறிக்கு இது ஏற்ற மருந்தாயிற்று.

திறந்த வயலில் தெளித்த மருந்தை வெயில் சிதைக்கும், மழை கழுவும். பசுமைக்குடிலிலோ மழைக்கு மறைப்பு உண்டு. ஆயினும் அங்கேதான் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், தக்காளி, வெள்ளரி முதலியவை வளரும் குடில்களில் இம்மருந்தையே மீண்டும் மீண்டும் தெளித்தார்கள். முட்டைக்கோசைத் தின்னும் ஒருவகைப் பச்சைப்புழு அங்கே அதனைத் தாங்கும் வல்லமை பெற்றுவிட்டதென 2003-இல் ஆய்வாளர் அறிவித்தனர். மருந்தில்லாமல் வளர்த்தபோது, அவ்வல்லமை தலைமுறைதோறும் குறைந்ததையும் கண்டனர்.

நம் நாட்டுக் கதையும் இதற்கு வேறானதன்று. இந்நுண்ணுயிரின் மரபணுவைத் தாங்கிய பருத்திக்கு 2002-இல் இந்திய அரசு அனுமதி அளித்தது. வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியையும் நடவேண்டும் என்பது அப்போதே விதிக்கப்பட்ட நிபந்தனை. நஞ்சைத் தாங்கும் புழு, தாங்காத புழுவோடு கலந்தால் அவ்வல்லமை விரைந்து பரவாது என்பது அதன் கருத்து. பலர் அதனைக் கடைப்பிடிக்கவில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல்வகைப் பருத்தியின் நஞ்சை வென்றுவிட்டதென்று 2010-இல் தெரிவிக்கப்பட்டது.

ஓரத்தில் நடும் சில வரிசைச் செடிகளை வீண் செலவென்று எண்ணலாகாது என்பதே என் வேண்டுகோள். மருந்தை மாற்றி மாற்றித் தெளிப்பதும், தேவையறிந்து தெளிப்பதும் அத்தகையனவே. நண்பனிடம் ஓயாமல் வேலை வாங்கினால் அவன் வலிமை குன்றும். அளவோடு பயன்படுத்தினால் நம் பேரப்பிள்ளைகளின் தோட்டத்துக்கும் துணை நிற்பான்.