அச்சுச் சட்டகம்: தலை முதல் வால் எலும்பு வரை

அச்சுச் சட்டகம் என்பது மனித உடலின் நடுக்கோட்டில், உச்சந்தலையிலிருந்து வால் எலும்பு வரை அமைந்த எலும்புகளின் தொகுதி. வளர்ந்தவர் உடலில் உள்ள 206 எலும்புகளில் 80 இதைச் சேர்ந்தவை. மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள் 6, நாக்கின் அடியில் 1, முதுகெலும்புத் தொடரில் 26, விலா எலும்புகள் 24, மார்பெலும்பு 1. தோள், கை, இடுப்புக்கூடு, கால் ஆகியவற்றில் உள்ள மற்ற 126 எலும்புகளும் இணையுறுப்புச் சட்டகம் எனப்படும்.

கைகால் எலும்புகள் முதன்மையாக அசைவுக்காக அமைந்தவை. அச்சுச் சட்டகம் முதன்மையாகக் காவலுக்காக அமைந்தது. மூளையும் தண்டுவடமும் இதயமும் நுரையீரலும் இதற்குள்தான் இருக்கின்றன. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனி அழுத்தம் உண்டு. எலும்பு முறிந்தது என்றதும், மூலிகைக் கட்டுக்குப் பெயர்பெற்ற ஊரைச் சுட்டி, ‘புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வா’ என்று சொல்லும் வட்டாரம் இது. முறிந்தது எந்தச் சட்டகத்தின் எலும்பு என்பதைப் பொறுத்தே அந்த அறிவுரை சரியா தவறா என்று ஆகிறது.

மண்டையோடு

மண்டையோட்டின் 22 எலும்புகளில் 8 மூளையைச் சூழ்ந்திருப்பவை, 14 முகத்துக்கு வடிவம் தருபவை. இவற்றில் தாராளமாக அசைவது கீழ்த்தாடை மட்டுமே. மற்றவை ஒழுங்கற்ற விளிம்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. அடிப்பகுதியில் உள்ள பெருந்துளை வழியாக மூளையின் தொடர்ச்சியாகத் தண்டுவடம் இறங்குகிறது.

பிறந்த குழந்தையின் மண்டை எலும்புகள் ஒன்றுசேர்ந்திருப்பதில்லை. பிரசவத்தின்போது அவை சற்று நகர்ந்து தலை வெளிவர வழிவிடுகின்றன. பின்னர் வேகமாக வளரும் மூளைக்கு இடம் தருகின்றன. பிடரிப் பக்கத்துச் சிறு இடைவெளி இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். முன்பக்கத்து உச்சிக்குழி மூடப் பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்கள் ஆகும். திருத்தணி மலைக்கோயிலுக்கு முதல் மொட்டைக்காகத் தூக்கி வரப்படும் கைக்குழந்தைகளில் பலருக்கு உச்சிக்குழி இன்னும் திறந்தே இருக்கும். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே உறுதியான சவ்வு இருப்பதால், மெல்லத் தொடுவதாலோ நீர் ஊற்றுவதாலோ தீங்கு நேராது. ஆனால் எலும்பின் காவல் அங்கே இன்னும் வரவில்லை. அழுது திமிறும் பிள்ளையின் தலையை யாராவது ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். அழாதபோதும் புடைத்து இறுகியிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முகத்தின் அமைப்பை எலும்பு எவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறது என்பதற்குக் கீழடி அருகே உள்ள கொந்தகைப் புதைவிடம் அண்மைச் சான்று. அங்குக் கிடைத்த இரு மண்டையோடுகளைக் கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின. தசை எங்கே ஒட்டியது, மூக்கு எவ்வளவு அகன்றது, கண் எந்த ஆழத்தில் இருந்தது என்பதற்கெல்லாம் எலும்பிலேயே தடயம் உண்டு. நிறமும் முடியும் எலும்பில் பதிவதில்லை. அவற்றுக்கு வேறு சான்று தேவை.

காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று நுண்ணெலும்புகள் ஒலியை உட்செவிக்குக் கடத்துகின்றன. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுள்ள அங்கவடியே உடலின் மிகச் சிறிய எலும்பு. நாவடி எலும்பு வேறெந்த எலும்புடனும் மூட்டு வழியாகச் சேராமல், தசைகளாலும் நார்களாலும் தொங்கிக்கொண்டு விழுங்கவும் பேசவும் உதவுகிறது.

முதுகெலும்புத் தொடர்

குழந்தையிடம் 33 முள்ளெலும்புகள் உண்டு. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, கடைசியில் பெரும்பாலும் 4. கீழ் ஐந்தும் வாலிபத்தின்போது இணைந்து திருவெலும்பாகின்றன. கடைசி நான்கும் சேர்ந்து வால் எலும்பாகின்றன. அதனால் வளர்ந்தவரிடம் எண்ணிக்கை 26.

தொடர் நேர்கோடாக இருப்பதில்லை. கருவில் இருக்கும்போது முழு முதுகும் ஒரே வளைவு. குழந்தை தலை நிமிர்த்தும்போது கழுத்து முன்னோக்கி வளைகிறது, உட்கார்ந்து நிற்கத் தொடங்கும்போது இடுப்பும் அப்படியே. மார்பும் திருவெலும்பும் பழைய வளைவையே வைத்துக்கொள்கின்றன. இந்த மாறி மாறி வரும் வளைவுகளால் உடலின் எடை கால்களுக்கு நேர்மேலே நிற்கிறது, நடையின் அதிர்வும் ஓரளவு உள்வாங்கப்படுகிறது. கீழே போகப் போகச் சுமை கூடுவதால் முள்ளெலும்புகளும் பருத்துக்கொண்டே போகின்றன.

முதல் இரண்டு கழுத்து எலும்புகள் தனி வகை. வளையம் போன்ற முதல் எலும்பின் மேல் மண்டையோடு அமர்ந்து ‘ஆம்’ என்று ஆடுகிறது. இரண்டாவதின் முளையைச் சுற்றி முதல் எலும்பு திரும்பும்போது தலை ‘இல்லை’ என்று அசைகிறது. கழுத்துத் திருப்பலில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே இடத்தில் நடக்கிறது.

கழுத்தின் இரண்டாம் எலும்பு முதல் திருவெலும்பு வரை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு தட்டு உண்டு. மொத்தம் 23. மருத்துவமனையில் எல்லோரும் ‘டிஸ்க்’ என்பது இதைத்தான். வெளியே நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த குழைவான நடுப்பகுதி. பகலில் சுமை தாங்கி நீரை இழக்கும் தட்டு, இரவில் படுத்திருக்கையில் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் அளக்கும் உயரம் மாலையில் அளப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இதனால்தான். வளர்ந்தவரின் தட்டுக்குள் இரத்தக் குழாய் போவதில்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய முனைத்தகடுகளின் வழியாக ஊறிச் செல்வதே அதற்கு உணவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த எஸ். ராஜசேகரனும் குழுவினரும் உயிருள்ள மனிதர்களின் தட்டுக்குள் இந்த ஊறல் எப்படி நடக்கிறது என்பதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களால் பின்தொடர்ந்தார்கள். முனைத்தகடு பழுதுபட்டால் தட்டின் ஊட்டம் மாறுகிறது என்று காட்டிய அந்த ஆய்வு 2004இல் வெளியாகி, இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

ஆடிக் கிருத்திகையில் பூக்காவடியும் பால்குடமும் திருத்தணியின் 365 படிகளில் ஏறுவதை இந்த உடற்கூற்றின் வழியே பார்க்கலாம். காவடியின் எடை தோளில் விழுகிறது. தோளையும் கையையும் அச்சுச் சட்டகத்தோடு எலும்பால் இணைப்பது, காரை எலும்பு மார்பெலும்பைத் தொடும் சிறு மூட்டு ஒன்றுதான். மற்றபடி தோள்பட்டை முழுவதும் கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் இறங்கும் தசைகளில் தொங்குகிறது. காவடி இறக்கிய மறுநாள் வலி எலும்பில் இல்லாமல் பிடரியிலும் தோளிலும் இருப்பது இதனால்தான். பால்குடம் தலைமேல் இருந்தால் எடை தொடருக்கு நேர்மேலே இறங்குகிறது. நிமிர்ந்த முதுகு அதை நன்றாகத் தாங்கும்.

ஆபத்து படியில் இருப்பதைவிடக் குடத்தைத் தரையிலிருந்து தூக்கும் கணத்தில் அதிகம். இடுப்புத் தட்டுக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் முதுகுத் தசைகள் இழுக்கின்றன. 10 கிலோ குடத்தை 40 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்துக் குனிந்து தூக்கினால், நெம்புகோல் கணக்குப்படி அத்தசைகள் 80 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாக வேண்டும். மேலுடலின் சொந்த எடை இதில் சேரவில்லை. இரண்டு விசைகளும் சேர்ந்து அமுக்குவது தட்டைத்தான். சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ளவர்களின் இடுப்புத் தட்டுக்குள் ஊசி வழியே அழுத்தத்தை அளந்தபோது, படுத்திருக்கையில் மிகக் குறைவாகவும் எடையுடன் முன்குனிகையில் மிக அதிகமாகவும் இருந்தது. முழங்காலை மடக்கி, குடத்தை வயிற்றோடு அணைத்து எழுந்தால் 40 என்பது பாதியாகக் குறையும்.

நார் வளையம் கிழிந்து நடுப்பகுதி பிதுங்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு இடுப்புத் தட்டுகளில். அது நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்திலிருந்து கால்வரை இழுக்கும். பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களில் வலி தணிகிறது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, கால் செயலிழந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

மார்புக்கூடு

விலா எலும்புகள் 12 இணை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கை. மேல் 7 இணைகள் தங்கள் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேராகத் தொடுகின்றன. அடுத்த 3 மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி 2 முன்பக்கம் எதையும் தொடுவதில்லை. கூடு முழுவதும் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கும் அளவுக்கு நெகிழ்வானது. படியேற்றத்தில் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சும் நின்றுவிட்டால், இந்த நெகிழ்வுதான் அவருக்குத் துணை. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுக்கினால் எலும்பின் வழியே இதயத்தை வெளியிலிருந்தே இயக்கலாம்.

புத்தூர் கட்டும் அதன் எல்லையும்

திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில், நகரிக்கு அப்பால் இருக்கிறது புத்தூர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எலும்பு முறிந்தவர்களுக்கு அந்த எல்லை ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. பச்சிலை அரைப்பும் முட்டை வெள்ளைக் கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் முறை அந்த ஊர்ப் பெயராலேயே தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. வேட்டையில் வெட்டுண்ட முயல் ஒன்றை ஏதோ இலைகளில் சுற்றி வைக்க, அது பிழைத்து ஓடியதைக் கண்டு கேசவ ராஜு என்பவர் மூலிகையைக் கண்டறிந்தார் என்பது அங்கே வழங்கும் கதை.

இலையின் குணம் எதுவாக இருந்தாலும், தப்பையின் வேலை தெளிவானது. நேராக நிறுத்தி அசையாமல் வைத்தால் எலும்பு தானே கூடும். விலகாத எளிய முறிவுக்கு, தேர்ந்த கை போடும் கட்டு அந்த ஓய்வைத் தருகிறது. தலைமுறைகள் அதை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது, அதை இகழ வேண்டியதில்லை. தோல் கிழிந்த முறிவு, மூட்டுக்குள் போன முறிவு, விரல் மரத்து நீலம் பாரிக்கும் அளவுக்கு இறுகிய கட்டு ஆகியவற்றுக்கு அறுவை வசதியுள்ள மருத்துவமனைதான் இடம்.

அச்சுச் சட்டகத்துக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது. கை முறிந்தால் இழுத்து நேராக்கலாம். கழுத்து முறிந்தால் இழுப்பதே தண்டுவடத்தை அறுத்துவிடலாம். தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிகிறது. அதற்கு மேல் எங்கே நசுங்கினாலும், நசுங்கிய இடத்துக்குக் கீழே உள்ள அனைத்தும் பாதிக்கப்படும். மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து பிறக்கிறது. ஆகவே மேல்கழுத்துக் காயம் மூச்சையே நிறுத்தக்கூடும். மரத்திலிருந்தோ படியிலிருந்தோ விழுந்தவரை, சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் அடிபட்டவரை, இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்து உட்கார வைப்பது இன்றும் நடக்கிறது. அன்பால் செய்யப்படும் அந்த உதவியே சிலரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளிவிடும். தீயோ வண்டியோ அருகில் இல்லாதவரை அவரை நகர்த்தாமல், தலையை இருபுறமும் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், தலை, தோள், இடுப்பு ஒரே கோட்டில் திரும்பும்படி பலர் சேர்ந்து உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

முதுகெலும்புக் காசநோய்

அடிபடாமலே முதுகெலும்பு நொறுங்கும் வழியும் உண்டு. காசநோய்க் கிருமி இரத்தம் வழியே வந்து முள்ளெலும்பின் உடற்பகுதியை அரிக்கிறது. முன்பக்கம் சரிய, முதுகு கூன் விழுகிறது. இதற்கு அறுவை கட்டாயமா, மாத்திரை போதுமா என்ற கேள்விக்கு உலகம் ஏற்ற விடைகளில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளை நடமாட விட்டே 6 அல்லது 9 மாதம் மருந்து கொடுத்ததையும், மருந்தோடு பெரிய அறுவை செய்ததையும் ஒப்பிட்டது. 1999இல் வெளியான பத்தாண்டு முடிவின்படி, மருந்து மட்டுமே பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்கு குணமடைந்தனர். குழந்தைகளின் நிலை வேறு. கிருமி ஒழிந்த பின்னும் எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் கூன் கூடிக்கொண்டே போகலாம். எந்தக் குழந்தைக்கு அப்படி ஆகும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களை ராஜசேகரன் 2001இல் வகுத்துத் தந்தார். ஓயாத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

தண்டுவடம் சேதமான பின்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் சேதமாகி இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித் துறையை வழிநடத்தினார். தண்டுவடம் சேதமானவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வொன்றின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் தண்டுவடக் காயமுற்றோருக்கும் சிகிச்சையும் பயிற்சியும் தருகிறது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, சிறுநீர்ப்பையைக் காப்பது, கைகளால் உடலைத் தூக்கி நாற்காலிக்கு மாறுவது ஆகியவையே இத்தகைய நிலையங்களில் முதலில் கற்பிக்கப்படுகின்றன. நோயாளியோடு வீட்டாரும் இவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.