விலைக்கு வாராத இறைச்சி

மூதுரை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு மாணவராவது எழுந்து, "ஐயா, வான்கோழி அமெரிக்கப் பறவை ஆயிற்றே, அது ஔவையார் பாட்டுக்குள் எப்படி வந்தது?" என்று நம்மைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கொலம்பசுக்கு முன்பு அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே எவரும் இப்பறவையைக் கண்டதில்லை. ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோவாவிலிருந்து தம் அவைக்கு வந்த இந்த விந்தைப் பறவையைப் பற்றி மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1612-இல் தம் நினைவுக்குறிப்பில் வியந்து எழுதுகிறார். அவருடைய ஓவியர் மன்சூர் அதனை வரைந்தும் வைத்தார். எனவே மூதுரையை 12-ஆம் நூற்றாண்டுக்குரியது என்று கொள்வோமானால், அங்கே சிறகு விரித்தது வேறொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும். பெயர் மட்டும் பின்னாளில் அமெரிக்க விருந்தாளிக்கு ஏறியிருக்க வேண்டும். அமெரிக்கப் பறவைதான் என்றால் பாட்டின் காலத்தைக் கீழே இறக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் அதனைத் துருக்கிப் பறவை என்றனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் இட்ட பெயருக்கும் இந்தியப் பறவை என்றே பொருள். டச்சுக்காரர் இன்றும் 'கல்கூன்' என்கின்றனர். அது நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்த சொல். எல்லாரும் அதனை வேறு எவருடைய ஊருக்கோ உரியதாக்கினர். அது பிறந்த காட்டின் பெயரை எவரும் சூட்டவில்லை. அந்தக் காட்டைப் பற்றியும், அங்கே வேட்டையாடிய வான்கோழி வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் பற்றியும் எழுதுவதே நம் நோக்கம்.

பண்ணைகளில் நாம் காணும் வெள்ளை வான்கோழியை வைத்துக் காட்டு வான்கோழியை எண்ணிப்பார்க்க இயலாது. பண்ணைப் பறவை நெஞ்சுக்கறிக்காகவே பெருக்கப்பட்டது. அதனால் பறக்க முடியாது, இயல்பாக இணை சேரவும் முடியாது. காட்டுப் பறவையோ கரும்பழுப்பு நிறத்தில் செம்புபோல் மின்னுவது, ஒல்லியானது, குதிரைக்கு ஈடாக ஓடுவது, இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடைவது, ஓக் மரத்துக் கொட்டைகளையும் புல்விதைகளையும் வெட்டுக்கிளிகளையும் தின்று வளர்வது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோவின் தொல்குடிகள் இதன் ஓர் உள்ளினத்தைப் பழக்கிவிட்டனர். ஸ்பானியர் கொண்டுசென்றது அந்த வளர்ப்புப் பறவையைத்தான். அது ஐரோப்பாவில் நூறாண்டு வளர்ந்தபின் ஆங்கிலக் குடியேறிகளின் கப்பலேறி மீண்டும் அமெரிக்கக் கரைக்கே வந்தது. வளர்ப்புக் கோழியோடு வந்திறங்கியவர்கள் அதன் காட்டு உறவினரைத் தம் வாசலுக்கு எதிரே கண்டனர்.

1621-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் தொல்குடியினரும் மூன்று நாள் கூடி உண்டதையே இன்றைய நன்றியறிதல் விருந்தின் தோற்றமாக அமெரிக்கர் சொல்வர். அதற்குச் சான்றாக நிற்கும் எட்வர்டு வின்ஸ்லோவின் கடிதத்தில் வான்கோழி என்ற சொல்லே இல்லை. பறவை வேட்டைக்கு நால்வர் அனுப்பப்பட்டதையும், மன்னர் மாசசோயிட்டோடு வந்த தொண்ணூறு பேர் ஐந்து மான்களைக் கொணர்ந்ததையுமே அது கூறுகிறது. ஆனால் அந்தப் பருவத்தில் காட்டு வான்கோழிகள் மிகுதியாகக் கிடைத்தன என்று ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிவைத்திருக்கிறார். விருந்தில் இருந்ததோ இல்லையோ, அந்த ஆண்டு அடுப்பில் இருந்தது என்று துணிந்து கூறலாம்.

காட்டு வான்கோழியைச் சுட்டு, சமைத்து, அதனைப் பற்றி எழுதியும் வைத்தவர்களுள் நம் மனத்தைக் கவர்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 'சுவையின் உடலியல்' என்னும் நூலை 1825-இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற ழான் ஆந்த்தெல்ம் பிரிய்யா-சவரேன், பிரெஞ்சுப் புரட்சியின் கொடுங்காலத்தில் உயிர் தப்பி அமெரிக்கா சென்றவர். நியூயார்க்கில் பிரெஞ்சு மொழி கற்பித்தும் நாடக அரங்கில் வயலின் வாசித்தும் வயிறு வளர்த்தவர். 1794 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டுக்கு அருகே ஓர் உழவர் வீட்டில் தங்கி வேட்டைக்குப் போனார். கௌதாரிகளும் சாம்பல்நிற அணில்களும் முதலில் கிடைத்தன. பிறகு ஒரு வான்கோழிக் கூட்டம் கலைந்து எழுந்தது. பின்தங்கிய ஒன்று அவர் குறிக்கு வீழ்ந்தது.

விடைபெறும் வேளையில் அந்த உழவர் அவரைத் தனியே அழைத்துத் தம் வாழ்வின் நிறைவைச் சொன்னார். தம் உடையும் உணவும் தம் நிலத்திலேயே விளைவதையும், வரிச்சுமை இல்லாத விடுதலை நாட்டின் அருமையையும் விளக்கினார். குதிரைமேல் திரும்பும்போது பிரிய்யா-சவரேன் ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியிருந்தார். விடுதலையைப் பற்றிய உரையை எண்ணுகிறார் போலும் என்று வாசகர் நினைக்கையில், வான்கோழியை எப்படிச் சமைப்பது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறார் மனிதர். வேண்டிய பொருள்கள் ஹார்ட்போர்டில் கிடைக்குமா என்ற கவலை அவருக்கு. கடைசியில் கௌதாரிச் சிறகுகள் தாளில் பொதிந்து வெந்தன. அணில்கள் மதேரா மதுவில் வெந்தன. வான்கோழி மட்டும் எந்த அலங்காரமும் இன்றி நெருப்பில் வாட்டப்பட்டு நண்பர்கள் முன் வந்தது. தேர்ந்த சமையல் அறிந்தவர் அந்த ஒன்றை எளிமையாக விட்டதைக் கவனிக்க வேண்டும். நல்ல இறைச்சிக்கு நெருப்பு போதும் என்பது அவர் முடிவு.

அவர் உண்டு மகிழ்ந்த அதே கனெக்டிகட்டில், 19 ஆண்டுகள் கழித்து, 1813-இல் கடைசிக் காட்டு வான்கோழி காணப்பட்டது. அதன்பின் அங்கே அந்தப் பறவை இல்லை. அண்டை மாநிலமான மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851-இல் டாம் மலையில் கொல்லப்பட்டது.

எப்படி நேர்ந்தது இது? வீட்டுக்கு ஒன்று சுட்டுத் தின்றவர்களால் மட்டும் அன்று. உழவுக்கும் விறகுக்குமாகக் காடுகள் வெட்டப்பட்டன. மிஞ்சிய காட்டுக்குள் சந்தை புகுந்தது. ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் தம் புகழ்பெற்ற பறவை ஓவியத் தொகுதியின் முதல் படமாகக் காட்டு வான்கோழிச் சேவலையே வைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கிச் சந்தைகளில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள பறவை மூன்று பென்சுக்கு விலைபோனதைத் தாமே கண்டதாக அவர் எழுதுகிறார். முப்பது பவுண்டுப் பெரும் பறவைக்குக் கால் டாலர் கிடைத்தால் நல்ல விலையாம். கூட்டமாக அடையும் மரத்தைக் கண்டுபிடித்து இரவில் சுட்டனர். குழிதோண்டி மக்காச்சோளம் தூவிக் கூண்டுகளில் பிடித்தனர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை இரண்டு இலட்சத்தைத் தாண்டா என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மீட்சி மெல்ல வந்தது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளையும் பறவைகளையும் மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. வேட்டைப் பறவையின் இறைச்சியை விற்பதையே மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தடைசெய்தன. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் விதித்த வரியைக் காட்டுயிர் மீட்புக்கென ஒதுக்கியது. கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் காடு எழுந்தது. ஆனால் பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டபோது அவை பிழைக்கவில்லை. எதனைத் தின்பது, எதற்கு அஞ்சுவது, எந்த மரத்தில் அடைவது என்று தாய்க்கோழி கற்பிக்கும் பாடத்தை எந்தப் பண்ணையும் கற்பிக்க இயலவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இச்செய்தி ஒரு நிமிடம் நின்று யோசிக்கத் தக்கது.

பிறகுதான் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து இடம் மாற்றுவது என்று முடிவாயிற்று. வெடிமருந்தின் விசையால் வீசப்படும் வலையைக் கொண்டு 1951-இல் தென் கரோலினாவில் முதன்முதலாக வான்கோழிகளைப் பிடித்தனர். நியூயார்க் மாநிலத்தில் பிடித்த 37 பறவைகள் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் மாசசூசெட்ஸில் விடப்பட்டன. 1975-இல் 22 பறவைகள் கனெக்டிகட்டுக்கு வந்தன. பிரிய்யா-சவரேனின் காட்டுக்கு வான்கோழி திரும்ப 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று அலாஸ்கா நீங்கலாக ஏனைய 49 மாநிலங்களிலும் அவை வாழ்கின்றன. எண்ணிக்கை பல இலட்சங்களைத் தாண்டிவிட்டது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையைக் குற்றமாகவே அறிந்து வளர்ந்த நமக்கு, வேட்டைக்காரர் தந்த வரிப்பணத்தில் பறவை மீண்டது முரணாகத் தோன்றலாம். முரண்தான். ஆனால் அதன் நடுவே உள்ள விதியைக் காண வேண்டும். இளவேனில் வேட்டையில் பொதுவாகச் சேவலை மட்டுமே சுடலாம். அதற்கும் அனுமதிச் சீட்டும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணைவதால் சில சேவல்கள் குறைவதில் இனம் குறைவதில்லை. சுட்டதை விற்க இயலாது. ஆகவே காட்டு வான்கோழிக்குக் கடையும் இல்லை, உணவகமும் இல்லை. அதற்கென்று எஞ்சியிருக்கும் ஒரே இடம் வீட்டு அடுப்பங்கரை.

அந்த அடுப்பங்கரையின் முறைகளும் வரலாற்றைச் சுமந்தவையே. வெயில் ஏறுமுன் குடலை நீக்கிப் பறவையைக் குளிர்விக்க வேண்டும். கழுத்தடியில் உள்ள தீனிப்பையைப் பிளந்தால் அன்று காலை அது தின்ற கொட்டையும் தளிரும் பூச்சியும் கிடைக்கும். அடுத்த வேட்டைக்கு எங்கே போவது என்பதை அதுவே சொல்லும். இளவேனிற் சேவலின் நெஞ்சின்மேல் பஞ்சுபோல் ஒரு கொழுப்புத்திரள் உண்டு. பெட்டைகளைத் தேடி ஓயாது திரியும் நாள்களில் உணவை மறந்து, சேமித்த இந்தக் கொழுப்பை எரித்தே அது வாழ்கிறது. அதன் வாடை கறியில் ஏறும் என்பதால் வெட்டி எறிவர். முழுதாக வாட்டுபவர் வெந்நீரில் முக்கி இறகு பறிப்பர். தோல் இருந்தால்தான் கறி உலராது. அப்போதும் நெஞ்சின்மேல் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் போர்த்துவது பழைய வழக்கம். அமீலியா சிம்மன்ஸ் 1796-இல் அச்சிட்ட அமெரிக்கச் சமையல் நூலில் வாட்டிய வான்கோழிக்கு அவித்த வெங்காயத்தையும் கிரான்பெர்ரிச் சாற்றையும் துணையாகச் சொன்னார். அந்தத் துணை இன்றும் மாறவில்லை.

முழுப் பறவையை வாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சு விரைவில் வெந்து வறண்டுபோகும். வாழ்நாளெல்லாம் ஓடிய கால்களோ தசைநாண் முறுகிக் கிடக்கும். ஆதலால் இன்று பலர் இரண்டையும் பிரித்துவிடுகின்றனர். நெஞ்சுக்கறியை ஓரிரவு உப்புநீரில் ஊறவைத்து, மெல்லிதாக அரிந்து மாவில் புரட்டிப் பொரிக்கின்றனர். கால்களையும் தொடைகளையும் வெங்காயத்தோடு மூடிய சட்டியில் சிறுதீயில் மணிக்கணக்காக வேகவிட்டு, எலும்பிலிருந்து கறி தானே கழலும்போது இறக்குகின்றனர். உண்பவர் பல்லில் ஈயக்குண்டு தட்டுப்படாதிருக்க முன்னரே விரலால் தடவிப் பார்ப்பது வீட்டுப் பெரியவரின் வேலை.

இத்தனைக்குப் பின் அந்தத் தட்டுக்கு விலை என்ன? விலையே இல்லை. கால் டாலருக்கு விற்றபோது அழிந்தது. விற்கக்கூடாது என்றானபோது மீண்டது. வேட்டையாடியவர் உண்ணலாம், அவர் விருந்தினர் உண்ணலாம், அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பலாம். பகுத்துண்ணல் என்று நம் முன்னோர் போற்றிய அறம், வேறொரு நாட்டில், ஒரு பறவையின் பொருட்டுச் சட்டத்தின் வடிவில் வந்து நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

உண்டு முடித்தபின் சிறகெலும்புகளை எறிவதில்லை. அவற்றைக் காய்ச்சிச் சுத்தம் செய்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருகி ஊதுகுழல் செய்வர். தொல்குடிகளிடமிருந்து வந்த வழக்கம் அது. உதட்டில் வைத்து உறிஞ்சினால் பெட்டையின் குரல் எழும். அடுத்த இளவேனிலில் காட்டின் மறுபக்கத்திலிருந்து ஒரு சேவல் அதற்கு விடை சொல்லும். கனெக்டிகட்டில் 1813-க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்தக் குழலை எவர் ஊதியிருந்தாலும் விடை வந்திராது. அடுத்த முறை மாணவர் எழுந்து கேட்கும்போது, பாட்டின் காலத்தோடு இதனையும் சேர்த்துச் சொல்ல எண்ணியிருக்கிறோம்.