நந்திக்குக் கீழே ஒரு சொல்

அளவெட்டியில் திருவிழா தொடங்கினால் ஒழுங்கை நெடுக நந்திக்கொடி கட்டுவது எங்கட வேலை. போனமுறை ஏணியில் நிற்கும்போது ஒரு சின்னப் பெடியன் கேட்டான்: "அண்ணை, இது சங்கிலியன்ர கொடியோ?" ஓமெண்டு சொல்லிப்போட்டோம். பிறகுதான் யோசித்தோம், சரியாத்தான் சொன்னோமா?

நல்லூரில் இருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகள் இன்றும் இருக்கின்றன. பலவற்றில் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் இடபம், மேலே பிறை, கீழே தமிழில் 'சேது' என்ற ஒரேயொரு சொல். அவர்களின் வெற்றியைச் சொல்லும் கொட்டகமக் கல்வெட்டிலும் அதே சொல் இருக்கிறது.

ஒரு படத்துக்குக் கீழே ஏன் ஒரு சொல் வேணும்? இதே கேள்வியை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பா விழுந்து விழுந்து ஆராய்ந்தது. 1531இல் அல்சியாத்தோ என்ற இத்தாலியச் சட்ட அறிஞரின் சின்னங்கள் நூல் வெளிவந்தது. தலைப்பு, படம், பாட்டு மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு சின்னம். 1555இல் அச்சான பாவுலோ ஜோவியோவின் நூல் இன்னும் தெளிவாகச் சொன்னது: படம் உடல், வாசகம் உயிர். ஆருக்குமே விளங்காத அளவுக்கு மறைவாகவும் இருக்கக்கூடாது, எல்லாருக்கும் உடனே விளங்குகிற மாதிரியும் இருக்கக்கூடாது. நல்லூரார் இந்த நூல்களைப் படித்துக் காசு அடிக்கவில்லை. சந்தையில் புழங்கும் காசு, மறைபொருளுக்கு அங்கே இடமுமில்லை. ஆனாலும் 'உடல், உயிர்' என்ற அளவுகோல் எங்களுக்கு உதவுகிறது.

உடலை மட்டும் பாருங்கள். இடபம் பல்லவரின் சின்னமும்தான். சைவம் உள்ள இடமெல்லாம் அது உண்டு. அந்த மாட்டை யாழ்ப்பாணத்து மாடாக்கியது கீழே இருந்த சொல்தான். அந்தச் சொல்லிலும் சிக்கல் வந்தது. 'சேது' என்றிருப்பதால் இவை இராமநாதபுரம் சேதுபதிகளின் காசுகள் என்று முன்பு சிலர் கருதினர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்தான் 1920 அளவில் இவை யாழ்ப்பாண அரசர்களுடையவை என்று வாதிட்டார். அவர்களுக்குச் 'சேதுகாவலர்' என்ற பட்டமும் இருந்தது.

சேது என்றால் அணை, பாலம். அக்கரையில் இராமேசுவரம், இக்கரையில் நாங்கள், நடுவில் கடல். அந்த வழியைக் காப்பதைத்தான் அவர்கள் தங்கள் பெருமையாகக் காசில் பொறித்தார்கள். 1619இல் போர்த்துக்கேயர் அரசைப் பிடித்தார்கள், காசும் நின்றுபோச்சு.

நாங்கள் கட்டிய கொடியில் அந்தச் சொல் இல்லை. அது சைவக்கொடி, அதில் பிழையில்லை. ஆனால் இன்றைக்கு ரீசேட்டிலும் ஓட்டோவிலும் இதே மாட்டை 'இது எங்கட இடம்' எண்டு வேலி போடுகிற மாதிரி ஒட்டும்போதுதான் இடிக்கிறது. பழைய காசில் அதன் கீழே இருந்தது வேலியின் பெயரில்லை, பாலத்தின் பெயர்.

அந்தப் பெடியனை இந்தமுறை கண்டால் காசின் படத்தைக் காட்டி, கீழே என்ன எழுதியிருக்கு எண்டு அவனையே வாசிக்கச் சொல்லவேணும்.