தாளடிச் சேற்றின் இரும்பு சல்பைடு: நஞ்சா, காப்பா?

தாளடி நட்ட வயலில் பயிர் மஞ்சளித்து, தூர் கட்டாமல் நின்றால் தஞ்சை வட்டாரத்தில் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: தழைச்சத்துக் குறை, துத்தநாகக் குறை, 'சேறு கெட்டுப்போச்சு.' முதல் இரண்டுக்கும் உரக்கடையில் மூட்டை உண்டு. மூன்றாவதற்கு இல்லை, அதனாலோ என்னவோ அதை யாரும் விரித்துப் பேசுவதில்லை. கெட்டதாகச் சொல்லப்படும் அந்தச் சேற்றின் கருமைக்குப் பெரும்பாலும் காரணம் இரும்பு சல்பைடு. அது பயிரைக் கொல்லும் நஞ்சு அன்று, நஞ்சைப் பிடித்து வைக்கும் பொருள். அந்தப் பிடிப்பு தீர்ந்துபோகும் இடத்தில்தான் வேர் அழுகுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தண்ணீர் கட்டிய மண்ணில் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், அதற்கடுத்து மூவிணைதிற இரும்பையும் கொண்டு சுவாசிக்கின்றன. மண்ணின் ஒடுக்க மின்னழுத்தம் ஏறத்தாழ −150 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிய பிறகே டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் சல்பேட்டில் கைவைக்கும். அப்போது பிறப்பது ஹைட்ரஜன் சல்பைடு, வேரின் சுவாசத்தையே முடக்கும் வாயு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கையர் பீலிக்ஸ் பொன்னம்பெரும, நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் குறித்து 1972இல் வெளியிட்ட கட்டுரை இந்த வரிசைக்கு இன்றும் ஆதாரம். வரிசையிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சல்பைடு பிறக்கும் நேரத்தில், அதற்கு முன்பே ஒடுங்கிக் கரைந்த ஈரிணைதிற இரும்பு அங்கே தயாராக நிற்கிறது. இரண்டும் சேர்ந்தவுடன் கரையாத கறுப்புப் படிவாகிவிடும்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். தொளிக்குள் கைவிட்டு எடுத்த கருஞ்சேற்றை உள்ளங்கையில் பரப்பினால், காற்றுப் பட்டதும் கருமை மங்கிச் சாம்பலாகி, மெல்லப் பழுப்பேறும். அதே சேற்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, மேலே ஈய அசிடேட் தாளைப் பிடித்தால் தாள் கறுக்கும், அழுகிய முட்டை வாடையும் கிளம்பும். பைரைட்டாக இருந்தால் இந்த அமிலத்துக்கு அசையாது. ஆகவே நம் கையில் இருப்பது புதிதாக உருவான ஒற்றைச் சல்பைடு, நேற்றுப் படிந்து நாளை கரையக்கூடியது.

இனி ஒரு கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 500 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறது. அதிலுள்ள கந்தகம் ஏறத்தாழ 90 கிலோ. அத்தனையும் சல்பைடாக மாறினாலும் அதைக் கட்டிப்போட 160 கிலோ இரும்பு போதும். ஒரு ஹெக்டேரின் உழவுமண் சுமார் 2,000 டன். அதில் ஒடுங்கக்கூடிய இரும்பு கிலோவுக்கு 1 கிராம்தான் என்று மிகக் குறைத்து வைத்தாலும் 2 டன் தேறும். பழைய காவிரி டெல்டாவின் களிமண்ணில் வயல் முழுமைக்குமாகப் பார்த்தால் இரும்பு தோற்க வழியே இல்லை. ஜிப்சத்தின்மேல் பழிபோடுவதும் செல்லாது.

அப்படியானால் வேர் ஏன் அழுகுகிறது? வயலின் சராசரி வேருக்குத் தெரியாது; அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சேறுதான் தெரியும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்த ஆண்டில் குறுவை நட்டு, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ அறுத்து, தாளை அப்படியே மடக்கி உழுது, சில நாளில் தாளடி நடுகிறார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலும் சேர்ந்தே சேற்றுக்குள் போகிறது. பச்சைத் தாள் அழுகும் கட்டியைச் சுற்றி நுண்ணுயிரிகளுக்குக் கரிமம் தாராளம். அங்கே மட்டும் இரும்பு விறுவிறுவென்று செலவாகிவிடும். களிமண்ணில் புது இரும்பு ஊர்ந்துவரும் வேகமோ குறைவு. அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ள, வடிகாலும் நிறைந்து நிற்கும். நினைத்தாலும் வயலைக் காயவிட முடியாது. குறுவை நடும்போது இந்த நெருக்கடி இல்லை. கோடையில் வெடித்துக் கிடந்த மண்ணில் பழைய சல்பைடெல்லாம் சல்பேட்டாகிவிடுகிறது, இரும்பும் மறுபடி மூவிணைதிறனுக்குத் திரும்பிவிடுகிறது. கோடை உழவின் பயன்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

துத்தநாகத்துக்கு வருவோம். பந்த்நகரில் நெல்லின் 'கைரா' நோய் துத்தநாகக் குறையால் வருவதென்று ஆய்வாளர் நேனே 1966இல் காட்டியதிலிருந்து சிங்க் சல்பேட் நெல் விவசாயத்தின் நிரந்தர உறுப்பினர். பாடப்புத்தக விளக்கம் எளிது: துத்தநாக சல்பைடின் கரைதிறன் பெருக்கம் இரும்பு சல்பைடினுடையதைவிடப் பல லட்சம் மடங்கு சிறியது, ஆகவே கருஞ்சேற்றில் விழும் துத்தநாகம் இரும்பை வெளியேற்றிவிட்டுத் தானே சல்பைடாகச் சிறைப்படும். நடவுக்குச் சற்று முன், ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலுடன் கலந்து சமப்படுத்திய சேற்றின் மேலாகத் தூவச் சொல்லும் பல்கலைக்கழகப் பரிந்துரை இதற்கு ஒத்துப்போகிறது. மேலேயுள்ள சில மில்லிமீட்டர் மண்ணில் ஆக்சிஜன் இருக்கும், சல்பைடு அங்கே தங்காது. ஆனால் அதே பரிந்துரை, பசுந்தாள் உரம் இட்டிருந்தால் 12.5 கிலோ போதும் என்கிறது. சல்பைடுதான் முழுக் காரணம் என்றால் தக்கைப்பூண்டை மடக்கிய வயலுக்கு அளவைக் கூட்ட அல்லவா வேண்டும்? அழுகும் தழையின் கரிம அமிலங்கள் துத்தநாகத்தைக் கரைசலில் தாங்குகின்றன, தழையே கொஞ்சம் கொண்டுவருகிறது. கரைதிறன் பெருக்கம் இறுதி நிலையைச் சொல்லும். ஒரு போகத்துக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லாது.

இதில் ஆய்வகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மண்பரிசோதனைக்கு மாதிரியை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து அனுப்பச் சொல்கிறோம். உலரும்போதே சல்பைடுகள் ஆக்சிஜனேறுகின்றன, சிறைப்பட்டிருந்த உலோகம் விடுபடுகிறது. தாளில் அச்சாகி வருவது கோடை வயலின் துத்தநாகம். பயிர் நிற்பதோ நவம்பர்ச் சேற்றில்.

கடைமடையில் கதை வேறு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் பெரும்பாலும் ஒருபோகச் சம்பா என்பதால் புதுத் தாள் அழுகும் சிக்கல் குறைவு. ஆனால் கந்தகம் கடலிலிருந்தே வருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஒரு சென்டிமீட்டர் கடல்நீர் வயலில் பரவி ஊறினால் ஹெக்டேருக்குச் சேரும் கந்தகம் 90 கிலோ, அதாவது 500 கிலோ ஜிப்சத்துக்குச் சமம். மண் மணற்பாங்காக, இரும்பு குறைந்ததாக இருந்தால் மேலே போட்ட கணக்கு அங்கே செல்லாது. ஜப்பானியர் 'அகியோச்சி' என்று பெயரிட்ட நோய் இத்தகைய மண்ணில்தான் கண்டது: இரும்பு கரைந்தோடிய வயல், முதலில் செழிப்பு, கதிர்ப் பருவத்தில் சரிவு. அவர்கள் அம்மோனியம் சல்பேட்டைத் தவிர்த்தார்கள், மலைச் செம்மண்ணைக் கொண்டுவந்து வயலில் கொட்டினார்கள்.

வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் நம்மிடம் இருக்கிறது. வீட்டு மனை நிரப்ப லாரி லாரியாகப் போய்க்கொண்டும் இருக்கிறது. கடைமடை மணல் வயலில் அதை இட்டுப் பார்க்கும் சோதனையை ஆடுதுறை அல்லது காட்டுத்தோட்டம் ஆராய்ச்சி நிலையம் எடுத்துச் செய்யலாம். செய்தால் விளைச்சலை மட்டும் நிறுத்துப் பார்ப்பது போதாது. தூர் கட்டும் பருவத்தில் வேரை ஒட்டிய ஈரச்சேற்றைக் காற்றுப் படாமல் குப்பியில் அடைத்து, அமிலத்தில் ஆவியாகும் சல்பைடையும் ஈரிணைதிற இரும்பையும் அன்றைக்கே அளந்துவிட வேண்டும். பிடுங்கிய வேரையும் கழுவிப் பார்த்துக் குறிக்க வேண்டும்: துருநிறப் பூச்சு இருந்தால் வேர் இன்னும் ஆக்சிஜன் கசியவிடுகிறது, முழுக்கக் கறுத்து, தொட்டால் வழுக்கினால் அந்தக் கசிவு நின்று வேர் அழுகத் தொடங்கிவிட்டது.