ஆறுதல் தந்த திரையும் அகற்றப்பட்ட மனிதரும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகின் பெரும்பகுதி கதவடைத்து வீட்டினுள் இருந்தபோது, திரையின் முன் அமர்ந்தோரிற் பலர் புதியனவற்றைத் தேடினாரல்லர், பழையனவற்றையே தேடினர். 1987இல் முதன்முதல் ஒளிபரப்பிய இராமாயணத் தொடரை இந்தியத் தூர்தர்ஷன் அம்மாதம் 28ஆம் நாள் மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. நியூயோர்க் நகரின் புறோட்வே அரங்குகள் யாவும் 12ஆம் நாளே மூடப்பட்டுவிட்டன. அந்நகரத்து இசைநாடக இரசிகர்கள், தம் பெற்றோர் கண்டு களித்த நாடகங்களின் பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். நோயாளி தாய் காய்ச்சிய கஞ்சியைக் கேட்பது போன்றது இது. முடிவு தெரிந்த கதையில் அச்சம் இல்லை. அடுத்து வரப்போகும் பாட்டு எதுவென்று தெரியும். அது தவறாமல் வந்துவிடுகிறது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாதவனுக்கு அந்த ஒரு நிச்சயமே பெரிது.

இதனை வெறும் மயக்க மருந்து என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிற் சிலரிடம் உண்டு. அது அவசரத் தீர்ப்பு என்பதே என் எண்ணம். களைத்தவன் இளைப்பாறுதல் குற்றமாகாது. ஆயினும் இளைப்பாறும் திண்ணையைக் கட்டியவர் யார், கட்டும்பொழுது அங்கிருந்து துரத்தப்பட்டவர் யார் என்று கேட்பது வரலாற்றைக் கற்போனின் கடமை. இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை தருவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதற் பத்தாண்டு. குடும்பக் கதையும் இசைநாடகமும் திரை வழியாகக் கோடிக்கணக்கான வீடுகளுட் புகுந்த காலம் அது. அதே காலத்திற்றான் அந்நாட்டுக் கலைஞர்கள்மீது கறுப்புப் பட்டியலும் விழுந்தது.

1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 9 வீட்டிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 65 ஆயிற்று. அப்பெட்டி வழியே முதலில் உள்ளே வந்து அமர்ந்தவர்களுள் ஒரு யூதக் குடும்பமும் இருந்தது. கேட்றூட் பேர்க் என்னும் பெண்மணி தாமே எழுதித் தாமே தாயாக நடித்த 'கோல்ட்பேர்க் குடும்பத்தினர்' 1929 முதல் வானொலியில் ஒலித்து, 1949 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்தது. நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பு. மொலி என்னும் தாய், தையற்றொழில் நடத்தும் கணவன் ஜேக், இரு பிள்ளைகள், டேவிட் மாமா. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளையின் பிடிவாதம், அயலவரோடு மனத்தாங்கல், வாடகைப் பிரச்சினை ஆகியனவே. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் மொலி சாளரத்திற் சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பார்வையாளரிடம் பேசுவாள். அந்த உரிமையோடே விளம்பரக்காரரின் காப்பித்தூளையும் புகழ்ந்துவிடுவாள். இதனைக் குறைகூறலாம், ஆயினும் கோடிக்கணக்கானோர் அவளைத் தம் வீட்டுப் பெண்ணாகவே கொண்டனர். சிறந்த நடிகைக்கான எம்மி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது பேர்க்குக்கே கிடைத்தது.

ஜேக்காக நடித்தவர் பிலிப் லோப். நாடக மேடையில் நெடுநாள் பழகியவர். நடிகர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். ஒத்திகை நாட்களுக்கும் ஊதியம் வேண்டும் என்று வாதாடியோரில் ஒருவர். 1950 ஜூன் மாதத்தில், முன்னாள் துப்பறியும் உத்தியோகத்தர் சிலர் 'ரெட் சனல்ஸ்' என்றொரு சிறுநூலை வெளியிட்டனர். வானொலி, தொலைக்காட்சித் துறைகளிற் கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையோர் என்று கூறி 151 பேரின் பெயர்களை அதில் அடுக்கியிருந்தனர். இசையமைப்பாளர் லெனாட் பேர்ன்ஸ்டைன், நாடகாசிரியர் ஆதர் மில்லர், கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் முதலியோர் அதிலிருந்தனர். லோபின் பெயரும் இருந்தது. குற்றச்சாட்டு எதுவும் நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. நீதிமன்றத்துக்கு அங்கே வேலையும் இருக்கவில்லை. விளம்பரதாரரின் அச்சமே போதுமானதாயிருந்தது.

லோபை நீக்கும்படி பேர்க்குக்கு நெருக்குதல் வந்தது. அவர் முதலில் மறுத்தார். அவருடைய பெருமைக்கு இதனைப் பதிந்தே ஆகவேண்டும். பின் 1951இல் விளம்பர ஆதரவு போயிற்று, நிகழ்ச்சியும் நின்றது. 1952இல் வேறோர் ஒளிபரப்பு நிறுவனத்தில் அது மீண்டும் தொடங்கியபோது, ஜேக்கின் நாற்காலியில் வேறொரு நடிகர் அமர்ந்திருந்தார். குடும்பமும் மொலியும் அவர்களேதான். கணவன் மட்டும் மாறியிருந்தான். தாம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அல்லர் என்று லோப் சத்தியஞ்செய்து மறுத்தும் வேலை கிடைப்பது அரிதாயிற்று. மனநோயுற்ற மகனின் வைத்தியச் செலவு வேறு அவர் தலைமீதிருந்தது. 1955 செப்டெம்பர் முதலாம் நாள், நியூயோர்க் விடுதியொன்றில் தூக்க மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டு அவர் உயிர்நீத்தார்.

அக்காலத்து நேரடி ஒளிபரப்புகளைச் சேமிக்க ஒரு வழியே இருந்தது. தொலைக்காட்சித் திரையின் எதிரே படக்கருவியை நிறுத்தி, ஒளிரும் காட்சியைப் படச்சுருளில் எடுத்துக்கொள்வர். மங்கலான, கோடு விழுந்த இப்படச்சுருள்களிற் பல பின்னர் குப்பைக்குச் சென்றன. தப்பியவற்றுள் லோப் நடித்த சில வாரங்களும் உண்டு. இன்று அவற்றை ஆறுதலுக்காகப் பார்ப்பவன், மனைவியோடு செல்லமாகப் பிணங்கும் அந்தக் குள்ள மனிதரைக் கண்டு சிரிப்பான். சிரிக்கட்டும். அவருடைய பெயரையும் அவன் அறிந்திருந்தால் நன்று.

இனி இசைநாடகத்துக்கு வருவோம். லோப் இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1955 மார்ச் 7ஆம் நாள், 'பீற்றர் பான்' இசைநாடகம் புறோட்வேயிலிருந்து நேரே தொலைக்காட்சிக்கு வந்தது. கம்பியிற் பறக்கும் சிறுவனாக மேரி மார்ட்டின் நடித்த அந்நிகழ்ச்சியை ஏறத்தாழ 650 இலட்சம் மக்கள் கண்டனர். மீண்டும் காட்டும்படி வேண்டுகோள்கள் குவிந்தன. ஆனால் மீண்டும் காட்டுதற்கேற்ற வர்ணப் பதிவு இல்லை. எனவே 1956 ஜனவரியில் நடிகர்கள் கூடி முழு நாடகத்தையும் மறுபடி நடித்தனர். இன்று ஒரு பொத்தானை அழுத்தி நாம் பெறும் 'மறுபடியும்' என்பது அன்று ஒரு குழுவினரின் முழு உழைப்பாயிருந்தது. 1960 டிசெம்பரிற்றான் அது வர்ண ஒளிநாடாவிற் பதிவாகிப் பின்னர் பலமுறை காட்டப்பட்டது. அமெரிக்கக் குழந்தைகள் பலரின் நினைவில் நிற்பது அப்பதிவே. அதில் அந்நாட்டின் ஆதிக்குடிகளைக் கோமாளிகளாக்கிப் பொருளற்ற ஓசைகளைப் பாடவிட்ட காட்சியும் உண்டு. அக்குடிகளின் பிள்ளைகளும் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்திருந்திருப்பர் என்பதை நாடகத்தார் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்நாடகத்தை மேடையில் நெறிப்படுத்தியவர் ஜெரோம் றொபின்ஸ். நடனக்கலையின் மேதை. 1953 மே 5ஆம் நாள், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரித்த காங்கிரஸ் குழுவின் முன் தோன்றித் தம் பழைய தோழர் எண்மரின் பெயர்களைச் சொன்னவரும் அவரே. தம்முடைய அந்தரங்க வாழ்வு பகிரங்கமாக்கப்படும் என்று அவர் நடுங்கியிருந்தார் என்பர் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர். தற்பால் விருப்பு ஒருவனின் வாழ்வையே அழிக்கப் போதுமான காலம் அது. அச்சத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். அதனால் எண்மருக்கு நேர்ந்தது குறைந்துவிடாது. மறு ஆண்டே அவர் 'பீற்றர் பான்' நாடகத்தை மேடையேற்றினார். வளர மறுக்கும் சிறுவனின் கதையைக் காட்டி நாட்டை மகிழ்வித்தவரின் மனத்தில் அன்று என்ன இருந்தது என்று எவர் அறிவார்!

றொபின்ஸின் எதிர்த்துருவம் சீரோ மொஸ்டெல். பருத்த உடல், பூனைபோன்ற கால்கள், எதையும் கேலிசெய்யும் வாய். 'ரெட் சனல்ஸ்' பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 1955 அக்டோபரில், லோப் இறந்து ஆறு வாரங்களின் பின், அவர் அதே குழுவின் முன் நிறுத்தப்பட்டார். தம்மைப் பற்றிப் பேசச் சித்தமாயிருந்தாரேயன்றிப் பிறர் பெயர் ஒன்றையும் சொல்ல இணங்கினாரல்லர். தொலைக்காட்சியும் ஹொலிவூட்டும் அவருக்குக் கதவடைத்தன. ஓவியந் தீட்டியும் சிறு அரங்குகளில் நடித்தும் அவர் காலங் கழித்தார்.

1962இல், ரோமாபுரிக் கதையொன்றை வைத்து அமைத்த ஒரு நகைச்சுவை இசைநாடகத்தில் மொஸ்டெல் முதன்மை நடிகர். புறோட்வேக்கு வருமுன் வெள்ளோட்டத்திலேயே நாடகம் தள்ளாடியது. தூக்கி நிறுத்தக்கூடிய ஒருவர் றொபின்ஸ் எனத் தயாரிப்பாளர் கருதினார். அதில் நடித்த ஜக் கில்ஃபோர்டின் மனைவி, றொபின்ஸ் காட்டிக்கொடுத்த எண்மருள் ஒருவர். மொஸ்டெலிடம் சம்மதம் கேட்கப்பட்டது. மனிதரை வேலையிலிருந்து விலக்கிவைக்கும் வழக்கம் இடதுசாரிகளாகிய நமக்கில்லை என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார் என்பர். அவ்விடையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அது மன்னிப்பன்று, அவர் றொபின்ஸை மன்னித்ததாகத் தெரியவில்லை. தமக்குச் செய்யப்பட்டதைப் பிறருக்குத் தாம் செய்வதில்லை என்னும் ஒழுங்கு மட்டுமே. றொபின்ஸ் வந்தார், தொடக்கப் பாட்டை மாற்றுவித்தார், நாடகம் வெற்றிபெற்றது.

இருவரும் மறுபடி சந்தித்தது 1964இல். ஷோலம் அலெய்க்கத்தின் இத்திஷ் மொழிக் கதைகளிலிருந்து ஜோசப் ஸ்ரைன் எழுதிய 'கூரைமேல் வயலின்காரன்' அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் மேடையேறியது. 1905ஆம் ஆண்டு ருஷ்யப் பேரரசின் ஒரு சிற்றூர், பால்காரன் தெவ்யே, அவன் பெண்மக்கள் ஒவ்வொருவராகத் தந்தையின் மரபை மீறி மணங்கொள்கின்றனர், ஈற்றில் சார் மன்னனின் ஆணையால் ஊரே வெளியேற்றப்படுகிறது. இந்நாடகம் எதைப் பற்றியது, எதைப் பற்றியது என்று ஆசிரியர்களை றொபின்ஸ் ஓயாது கேட்டாராம். மரபு சிதைவதைப் பற்றியது என்ற விடை கிடைத்ததும் அதையே முதற் பாட்டாக்கும்படி சொன்னார். சிறுவயதில், 1924இல், தாயோடு சென்று பாட்டனாரின் ஊராகிய றொஷான்காவைக் கண்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அவ்வூர் யூதர் அழிக்கப்பட்டனர். அழிந்த ஊரை மரத்தாலும் துணியாலும் மேடையில் எழுப்ப அவர் முனைந்தார். ஒத்திகைகளில் அவரும் மொஸ்டெலும் ஓயாது மோதினர் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். ஒருவர் கைகொடுக்க மற்றவர் அதைத் தொடாதுவிட்ட நிலையில், இருவருமாக இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இசைநாடக வேடங்களில் ஒன்றைச் செதுக்கினர்.

நாடகம் 1972 ஜூலை வரை 3,242 முறை நடைபெற்றது. 1967இல் தோக்கியோவில் அதனை மேடையேற்றிய ஜப்பானியர், இவ்வளவு ஜப்பானியத் தன்மை வாய்ந்த கதையை அமெரிக்கர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்று ஸ்ரைனிடம் வியந்து கேட்டனராம். சுமக்கக்கூடியதை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படும் இறுதிக் காட்சிக்கு ஈழத்து வாசகருக்கு நான் உரை எழுதவேண்டியதில்லை.

'கோல்ட்பேர்க் குடும்பத்தினர்' தந்த ஆறுதல், ஆள் மாறியதையே காட்டாது மறைத்த ஆறுதல். தெவ்யே தரும் ஆறுதல் அத்தகையதன்று. அங்கே இழப்பு மறைக்கப்படவில்லை. பாட்டின் உள்ளேயே அது இருக்கிறது. கடவுளோடு வழக்காடிக்கொண்டே வண்டியை இழுத்துச் செல்லும் அம்மனிதனைக் கண்டு மக்கள் தேறினர். 2020இல் மூடிய அறைகளுள் அப்பாட்டுகளைத் தேடியோரும் அதையே பெற்றிருப்பர் என நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் மொஸ்டெலின் தெவ்யேயைப் பெற்றிருக்க மாட்டார்கள். ஓராண்டு நிறையுமுன்பே, 1965 ஆகஸ்டில், அவர் வேடத்தைத் துறந்தார். அவருக்குப் பின் அவ்வேடம் பூண்டவர் லூதர் அட்லர்; அவர் பெயரும் 'ரெட் சனல்ஸ்' பட்டியலில் இருந்ததே. அவருக்கும் பின் வந்த ஹேர்ஷெல் பேர்னார்டியும் கறுப்புப் பட்டியலால் தாக்குண்டவரே. 1971இற் திரைப்படம் எடுத்தபோது வேடம் ரொப்போலுக்குச் சென்றது. புறோட்வே நாடகங்களை முறையாகப் பதிந்துவைக்கும் நியூயோர்க் பொது நூலகத்தின் சேமிப்பகம் 1970இற்றான் தொடங்கியது. மொஸ்டெலின் முதல் ஆண்டைக் காண அது ஆறு ஆண்டு பிந்திவிட்டது. எஞ்சியுள்ளவை இசைத்தட்டு, சில நிழற்படங்கள், பிற்காலத் தொலைக்காட்சியில் அவர் பாடிக் காட்டிய துண்டுகள் ஆகியனவே.

றொபின்ஸ் தம் தந்தையைப் பற்றியும் 1953இன் விசாரணையைப் பற்றியும் ஒரு நாடகம் இயற்றப் பிற்காலத்திற் பல ஆண்டுகள் முயன்றார். அது நிறைவு பெறவில்லை. 1998இல் அவர் காலமானார்.

மொஸ்டெல் 1976இல் 'த ஃபிரண்ட்' என்னும் திரைப்படத்தில் நடித்தார். கறுப்புப் பட்டியலால் வேலையிழந்து, விடுதி அறையொன்றில் உயிரை மாய்த்துக்கொள்ளும் நகைச்சுவை நடிகன் வேடம். தம் நண்பர் லோபின் நினைவு அவ்வேடத்தின் பின்னால் இருந்தது. படம் முடிந்ததும் பெயர்கள் வருகின்றன. நெறியாளர் மார்ட்டின் ரிட், எழுத்தாளர் வோல்ற்றர் பேர்ன்ஸ்டைன், மொஸ்டெல், பேர்னார்டி என்று ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் பட்டியலில் வீழ்த்தப்பட்ட ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் லொயிட் கோஃப் என்றொரு பெயரும் உண்டு. றொபின்ஸ் சொன்ன எட்டுப் பெயர்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு டிசெம்பரில் மொஸ்டெல் மீண்டும் தெவ்யேயாகப் புறோட்வே மேடையேறினார். மறு ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் இறந்தார்.