தொழில் நிலமும் நினைவுச் சின்னமும்: கொச்சியின் வேளி சலவைத்துறையும் ஏலூர் ஆற்றங்கரையும்

முன்வைப்பு

ஒரு சமூகத்தின் வரலாற்றை நில வடிவமைப்பில் காட்ட முனையும் திட்டங்கள் பெரும்பாலும் சிலை, சுவரோவியம், அறிவிப்புப் பலகை, பழைய பாணி விளக்குக் கம்பம் ஆகியவற்றையே நாடுகின்றன. இக்கட்டுரையின் நிலைப்பாடு வேறு. நீர், வெயில், காற்று, பாதை, பொது நிர்வாகம் ஆகியவற்றை இணைத்து ஒரு சமூகம் தன் உழைப்பால் நிலத்தில் உண்டாக்கிய ஏற்பாடே அதன் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. அந்த ஏற்பாடு தொடர்ந்து இயங்க இடம் தருவதும், சிதைந்திருந்தால் அதை மீட்பதும் நில வடிவமைப்பின் முதற்கடமை. இதற்குக் கொச்சியின் இரு இடங்கள் இங்கே சான்றாகின்றன: கோட்டைக் கொச்சியின் வேளி, பெரியாற்றங்கரையின் ஏலூர்.

கோட்பாட்டுப் பின்னணி

பண்பாட்டு நிலத்தோற்றம் பற்றிய நவீன விவாதத்தைத் தொடங்கியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சவர். பண்பாடு இயற்கை நிலத்தின்மீது செயல்பட்டு உருவாக்கும் விளைவே நிலத்தோற்றம் என்று 1925இல் அவர் வாதிட்டார். யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு பண்பாட்டு நிலத்தோற்றத்தைத் தனி வகையாக ஏற்றது 1992இல்தான். தமிழ் மரபில் இதற்கு மிகப் பழைய அடித்தளம் உண்டு. தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது; தெய்வம், உணவு, மரம், பறவை, பறை முதலியவற்றோடு மக்களின் தொழிலையும் கருப்பொருளில் சேர்க்கிறது. இந்த நோக்கில், தொழிலை விலக்கிவிட்டு ஒரு நிலத்தை விளக்குவது முழுமையாகாது. சவரின் நிலத்தோற்றம் முடிந்த செயலின் தடயத்தைச் சுட்டுகிறது. திணையோ நடந்துகொண்டிருக்கும் வாழ்வைச் சுட்டுகிறது. நில வடிவமைப்புக்கு இந்த இரண்டாவது பார்வையே கூடுதலாகப் பயன்படும்.

வேளி சலவைத்துறை

மட்டாஞ்சேரிக்கு வருபவர்கள் அரண்மனையையும், 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தையும் பார்த்துச் செல்கிறார்கள். சற்றுத் தொலைவில், கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில், தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தின் சலவைத்துறை இருக்கிறது. ஊரார் அதை தோபிகானா என்பார்கள். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்கள், படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் இந்த வண்ணார்களின் முன்னோரைத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்தனர் என்பது அச்சமூகம் சொல்லும் வரலாறு. இன்றுள்ள பொதுச் சலவைக்கூடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டியது. வண்ணார் சங்கம் அதை நடத்துகிறது.

இந்த இடத்தின் வடிவத்தைத் தொழிலே தீர்மானித்திருக்கிறது. தடுப்புகளாகப் பிரிந்த துறைகளில் தொட்டியும் துவைகல்லும் இருக்கின்றன. பக்கத்திலேயே திறந்த உலர்த்துவெளி. அங்கே கவ்விகள் கிடையாது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கஞ்சி போட்ட துணி காய மறைப்பில்லாத வெயிலும் தடையில்லாத காற்றும் வேண்டும். நகர அழகூட்டலின் வழக்கமான கருவிகளான நிழல் மரம், புல்தரை, அலங்கார வேலி ஆகியவற்றை இங்கே கொண்டுவந்தால் தொழில் நின்றுவிடும். வெற்று நிலம் என்று வெளியார் நினைக்கக்கூடிய அந்த வெளிதான் இங்கே வடிவமைப்பின் மையம். ஆகவே மரபுப் பாதுகாப்புப் பட்டியல் கட்டடங்களோடு நின்றுவிடலாகாது. உலர்த்துவெளியின் மேலுள்ள வெயிலும், அதைச் சுற்றியுள்ள கட்டட உயரமும், நீர் வரத்தும் பாதுகாப்பு விதிகளில் இடம்பெற வேண்டும்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரின் தோபிகாட் உணர்த்துகிறது. இந்தியச் சலவையாளர்கள் ஓடைக்கரையில் துவைத்து, புல்வெளியில் உலர்த்திய இடம் அது. 1987இல் அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பெயர் நிலைத்தது; அப்பெயருக்குக் காரணமான நீரும் வெளியும் உழைப்பும் அங்கே இல்லை.

ஒரு மறுப்பு

சலவைத்துறையைப் பாதுகாப்பது சாதித் தொழிலைப் பாதுகாப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பரம்பரைத் தொழிலில் ஒருவரையும் கட்டிப்போடும் உரிமை எந்த மரபுத் திட்டத்துக்கும் இல்லை. அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போவது விடுதலையாகவே அமையலாம். ஆனால் தொழிலை விட்டு விலகும் உரிமையும் நிலத்தை விட்டு விலக்கப்படுவதும் வெவ்வேறு. தொழில் மாறினாலும் அந்த வெளியின்மீதுள்ள முடிவுரிமை அதை உருவாக்கியவர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்காக உழைப்பைக் காட்சியாக்குவதா, தொழிலை இயந்திரமயமாக்குவதா, அந்த இடத்தை வேறு பொதுப் பயனுக்குத் திருப்புவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஏலூர்: காயப்பட்ட நிலம்

இந்த வாதத்துக்கு ஏலூர் கடினமான சோதனை. பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த இத்தீவில் 1943இல் நிறுவப்பட்ட ஃபாக்ட் நிறுவனம் 1947இல் உர உற்பத்தியைத் தொடங்கியது. தொடர்ந்து பூச்சிக்கொல்லி, அருமண், இரசாயனத் தொழிற்சாலைகள் வந்தன. அவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதே தொழில்வளர்ச்சி நிலத்தையும் நீரையும் கெடுத்தது. தொழிற்சாலைக் கழிவுநீர் பாயும் குழிக்கண்டம் தோடு என்னும் ஓடையில் 1999இல் கிரீன்பீஸ் எடுத்த மாதிரிகளில் டிடிடி உள்ளிட்ட நச்சு வேதிப்பொருள்கள் காணப்பட்டன. 2024 மே மாதம் ஏலூர், வராப்புழைப் பகுதிகளில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் முதலீட்டை இழந்தனர்.

ஜெர்மனியின் டூயிஸ்புர்க்கில் பீட்டர் லாட்ஸ் வடிவமைத்த நிலப்பூங்கா இத்தகைய இடங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 1985இல் மூடப்பட்ட இரும்பாலையின் ஊதுலைகளை அவர் இடிக்காமல் தக்கவைத்தார். கழிவுநீர்க் கால்வாயைத் தூய நீரோடையாக மாற்றினார். ஆனால் டூயிஸ்புர்க்கில் உற்பத்தி முடிந்துபோயிருந்தது. ஏலூரில் ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. இங்கே ஆற்றோர நடைபாதையும் பூச்செடியும் அமைத்து வரலாற்றைக் கொண்டாடினால், அது காயத்தின்மேல் போர்த்திய பட்டுத்துணியாகிவிடும். ஏலூரின் வரலாற்றில் ஆலைத் தொழிலாளியோடு மீனவரும் உழவரும் உண்டு. ஆகவே இங்கே வடிவமைப்பு கழிவுநீரை ஆற்றில் கலக்கும் முன்பே தடுத்துச் சுத்திகரிப்பதிலும், தோட்டின் நச்சு வண்டலை அகற்றுவதிலும், நீரின் நிலையை மக்கள் படித்தறியும் கண்காணிப்பு இடங்களை அமைப்பதிலும் தொடங்க வேண்டும்.

முடிவுரை

வேளியும் ஏலூரும் எதிரெதிர் நிலைகள். முன்னதில் தொழிலுக்கு ஏற்ற நிலம் இன்னும் இயங்குகிறது. பின்னதில் ஒரு தொழில் மற்றத் தொழில்களின் நிலத்தைக் கெடுத்திருக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் அளவுகோல் ஒன்றே: ஒரு வடிவமைப்புக்குப் பிறகு, அந்த நிலத்தை உழைப்பால் உருவாக்கியவர்கள் அங்கே உழைக்கவும் வாழவும் முடிவெடுக்கவும் முன்பைவிட வலுவான நிலையில் இருக்கிறார்களா? நிதி ஒதுக்கும் உள்ளாட்சிகளும், நில வடிவமைப்பைக் கற்பிக்கும் கல்லூரிகளும், மரபுத் திட்டங்களை மதிப்பிடும் வல்லுநர்களும் இக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும். இதற்கு ஆம் என்று பதில் சொல்ல முடியாத திட்டம், எவ்வளவு நேர்த்தியான கல்லும் சிற்பமும் கொண்டிருந்தாலும், அச்சமூகத்தின் பண்பாட்டைப் பிரதிபலிப்பதாக உரிமை கொண்டாட முடியாது.