மகத் 1927: தோழமைக்கு யார் நிபந்தனை விதிப்பது?



இன்று நாம் யாருடைய நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நம் போராட்டத்தில் நம் சாதியில் பிறக்காதவருக்கு என்ன இடம்? ‘எல்லோரும் வரட்டும்’ என்று சொல்லிவிடுவது எளிது. ‘யாரும் வேண்டாம்’ என்பதும் எளிதுதான். இரண்டுமே அவருக்கு ஒப்பான விடைகளாக இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் வன்கொடுமையைக் கண்டித்துக் கூட்டம் நடத்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தோம். முதல் நாள் இரவு பணம் திரும்பி வந்தது. மறுநாள் காலை, பள்ளிவாசலை ஒட்டியிருந்த தன் காலிமனையை ஒரு பெரியவர் திறந்துவிட்டார். அங்கே பந்தல்கால் நட்டபோது நம் தோழர் சொன்னார்: “மகத்திலும் இதுதானே நடந்தது.” அந்த மகத்தைத்தான் இன்று திரும்பிப் பார்க்கப் போகிறோம்.

1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவை தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அது. கொங்கணப் பகுதியில், அன்றைய கொலாபா மாவட்டத்தில் இருந்த மகத் நகராட்சி, 1924இல் இதையொட்டித் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. திறந்தது ஏட்டில்தான். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் நீரெடுத்த அந்தக் குளத்தில், தீண்டப்படாதவர் எவரும் கைவைக்க முடியவில்லை. ஆக, மறுக்கப்பட்டது தண்ணீர் மட்டுமன்று; குடிமை உரிமை.

மகத் பகுதி இளைஞர் ஆர்.பி.மோரேயும் அவர் தோழர்களும் எடுத்த முயற்சியால், 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மாநாடு கூடியது. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க 40 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. ஊருக்குள் ஒரு குளம் நிறையத் தண்ணீர் கிடந்தது!

இரண்டாம் நாள் முடிவில், இப்போதே குளத்துக்குப் போவோம் என்று அழைத்தவர் அனந்தராவ் சித்ரே. காயஸ்த பிரபு எனும் மேல்சாதியில் பிறந்தவர். ஆனால் ஊர்வலத்தின் முன்னே நடந்து முதலில் நீரை அள்ளியவர் அம்பேத்கர். இந்த வரிசையை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறிது நேரத்தில் வதந்தி பரவியது. வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று. தடிகளோடு வந்த சாதி இந்துக்கள் பந்தலில் இருந்த உணவை மண்ணில் கொட்டினார்கள். ஊர் திரும்பிக் கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். அடிபட்டவர்கள் பலருக்கு அன்று கதவு திறந்தவை முஸ்லிம் வீடுகள். பிறகு 108 குடம் பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று நகராட்சி தன் 1924 தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் மீண்டும் மகத்துக்குப் போவதென முடிவானது. இங்கேதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமான செய்தி வருகிறது. பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களான ஜேதேவும் ஜவல்கரும் ஆதரவு தர முன்வந்தார்கள். ஒரு நிபந்தனை: போராட்டத்தில் பார்ப்பனர் எவரும் இருக்கக் கூடாது. ஆள்பலமும் செல்வாக்கும் உள்ள இயக்கம் அது. தாக்குதலுக்கு ஆளாகி நின்ற ஒரு சமூகத்துக்கு அந்த ஆதரவு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஆனாலும் அம்பேத்கர் நிபந்தனையை ஏற்கவில்லை. தம் பகை பார்ப்பனியத்தோடு, பிறப்பால் பார்ப்பனரான மனிதரோடு அன்று என்பது அவர் நிலைப்பாடு. பார்ப்பனியம் பார்ப்பனரல்லாதாரிடமும் குடியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். யாரோடு நிற்பது என்பதை முடிவு செய்யும் உரிமை ஒடுக்கப்பட்டவரிடமே இருக்க வேண்டும் என்பதும் அந்த மறுப்பில் அடங்கியிருக்கிறது.

டிசம்பர் மாநாட்டுக்குப் பந்தல் போட மகத்தில் சாதி இந்து எவரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைத் தந்தார். உள்ளூர்க் கடைக்காரர்கள் சாமான் விற்க மறுத்ததால் அரிசி, பருப்பு எல்லாம் வெளியூரிலிருந்து வந்தது. அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து ‘பத்மாவதி’ என்ற கப்பலில் ஏறி, தாஸ்காவில் இறங்கி, அங்கிருந்து நடந்து வந்தார்கள்.

டிசம்பர் 25 இரவு, அந்த நிலத்தில் தோண்டிய குழியில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீலகண்ட சகஸ்ரபுத்தே, பிறப்பால் பார்ப்பனர். வழிமொழிந்தவர் தீண்டப்படாத சமூகத்தின் தலைவர் ராஜ்போஜ். எரிந்தது, சகஸ்ரபுத்தேயின் பிறப்புக்கு உயர்வு தந்த அதே நூல்.

இனி இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம். மகத்துக்கு வந்த நண்பர்கள் தலைமை கேட்டு வரவில்லை. ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் தன் சாதிக்குச் சிறப்புரிமை வழங்கிய நூலைத் தீயிலிட முன்வந்தார். சித்ரே 1937 தேர்தலில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியில் நின்று வென்றார். சகஸ்ரபுத்தே பின்னாளில் ‘ஜனதா’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அல்லர் இவர்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இழப்பு சமமாகப் பங்கிடப்படவில்லை. மார்ச் மாதத்துக்குப் பின் கிராமங்களில் ஊர்விலக்குக்கு ஆளானவர்களும் சாகுபடி நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்களும் மகர் குடும்பத்தினர்தாம். சித்ரே தன் வீட்டுக்குத் திரும்பியபோது அவருக்கு வீடு இருந்தது. இந்த வேறுபாட்டை அறிந்த தோழமைதான் நிலைக்கும். அறியாத தோழமை, நன்றியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

டிசம்பரிலும் குளத்தில் இறங்க முடியவில்லை. சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்துத் தற்காலிகத் தடை வாங்கியிருந்தார்கள். போராட்டம் தள்ளிவைக்கப்பட்டு ஊர்வலம் மட்டும் நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் தீண்டப்படாதோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1937 மார்ச் 17 அன்று. ஒரு கை நீருக்குப் பத்து ஆண்டுகள்!

தமிழ்நாட்டில் இன்றும் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்கிறார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் அதைக் கண்டோம். அந்தச் செய்தி கேட்டுப் பதறியவர்கள் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இருந்தார்கள். பதற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பதறுகிற நண்பர்களிடம் மகத் வழியாக நாம் வைக்கும் கேள்விகள் மூன்று. எங்கள் கூட்டத்துக்கு உங்கள் மனையைத் திறப்பீர்களா? உங்களுக்கு உயர்வு தருகிற எதை எரிக்க முன்வருவீர்கள்? வழக்கு பத்து ஆண்டு இழுத்தாலும் உடன் இருப்பீர்களா?

ஆம் என்பவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று நாம் கேட்கப் போவதில்லை. பந்தல்கால் நடக் குழி தோண்ட வேண்டியிருக்கிறது, வரலாம்.

ஜெய்பீம்.